சோழவரம் ரேஸும் ஒரு ஹெல்மெட்டின் கதையும்

1.
ஒரு சனிக்கிழமை ராத்திரி. அம்பத்தூர் பக்கம் கேஷுவாலிட்டி டூட்டி. மணி ஒன்றரை இருக்கும். 19 வயசுப் பையன் ஒருத்தனை ஆட்டோவில் தூக்கிட்டு வந்தாங்க. பைபாஸில் பைக் ரேஸ். ஹெல்மெட் இல்லை. (யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

2.
இடது கால் எலும்பு முறிவு, காரை எலும்பு முறிவு. இதெல்லாம் சேர்ந்துவிடும். கவலை தலைதான். ஸ்கேனில் பெரிய ரத்தக்கட்டு எதுவும் இல்லை. ஆனால் மூளைக்குள் அங்கங்கே புள்ளி புள்ளியாகக் கசிவு. மூளை பலமாகக் குலுங்கி, உள்ளே இருக்கும் மெல்லிய நரம்பு இழைகள் அறுந்திருக்கு என்பதற்கான அடையாளம் அது. ஆபரேஷன் பண்ணி எடுக்க அங்கே எதுவும் இல்லை. காத்திருப்பதுதான் வைத்தியம்.

3.
அப்பா மூணு மணிக்கு வந்தார். எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. கையெல்லாம் கிரீஸ். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்:

"ரேஸ்னா இது இல்ல சார். சின்னப் புள்ளையில எங்கப்பா என்னை சைக்கிள்ல வச்சு சோழவரம் ரேஸுக்குக் கூட்டிட்டுப் போவாரு. அங்க ஹெல்மெட் இல்லாம ஒருத்தனையும் வண்டி எடுக்க விட மாட்டான். இவனுங்க ரோட்டுல பண்றதுக்குப் பேரு ரேஸா?"

4.
அந்தக் கேள்வி எனக்குள்ளேயே நின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். படிக்கப் படிக்க, சோழவரம் ஓடுதளம், லண்டன் மண் மைதானம், ஒரு ரேஸ் டாக்டர் செய்த தொப்பி என்று எல்லாம் ஒரே கயிற்றில் வந்து கோர்த்துக்கொண்டது. நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

5.
முதலில் ஊர். அம்பத்தூரிலிருந்து ரெட்ஹில்ஸ் ரோடு பிடித்து, செங்குன்றம் தாண்டி, ஜிஎன்டி ரோட்டில் வடக்கே போனால் சோழவரம். நம்மில் பலருக்கு அது ஒரு ஏரியின் பெயர். கோடையில் பேப்பரில் "புழல், சோழவரம், பூண்டி நீர்மட்டம்" என்று வரும் பட்டியலில் படிப்போம். அவ்வளவுதான். ஆனால் முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்தியாவிலேயே பைக், கார் ரேஸ் என்றால் முதலில் வாயில் வந்த பெயர் சோழவரம்.

6.
அங்கே ரேஸ் நடத்தும்படி ஒரு தார்ப்பாதை எங்கிருந்து வந்தது? ஜப்பான்காரனால் வந்தது என்றால் நம்புவீங்களா?

1942 ஏப்ரல். சிங்கப்பூர் விழுந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. சில நாளில் திருகோணமலை. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே காலியானது. மூட்டை முடிச்சோடு ரயில் ஏறிய கதையை உங்க வீட்டுத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க.

7.
அந்தப் போர்க்காலத்தில் சென்னையைச் சுற்றி ராணுவ விமானங்கள் இறங்க ஓடுதளங்கள் தேவைப்பட்டன. அப்படி ஒன்று சோழவரம். பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்குவாட்ரன்கள் அங்கே இருந்தன. போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன. வயலுக்கும் ஏரிக்கும் நடுவே அகலமான, நேரான, காலியான பாதை மட்டும் மிச்சம்.

8.
உலகம் முழுக்க இதே கதைதான். இங்கிலாந்தில் இன்று ஃபார்முலா ஒன் நடக்கும் சில்வர்ஸ்டோன் இருக்கே, அதுவும் போர்க்கால விமான தளம்தான். 1948-ல் அங்கே முதல் பெரிய ரேஸ். இலங்கையில் களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்த ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. கல்கத்தாவுக்கு பாரக்பூர், பம்பாய்க்கு ஜுஹு. குண்டு போடப் போட்ட ரோட்டில் பைக் ஓட்டினார்கள்.

9.
1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. அந்தக் கிளப்தான் சோழவரம் ரேஸை ஒரு வருஷாந்திரத் திருவிழா ஆக்கியது. பெரும்பாலும் பிப்ரவரி. பனி விலகி, வெயில் இன்னும் ஏறாத மாசம். ரோட்டில் மழைத்தண்ணி இருக்காது, வண்டியும் சீக்கிரம் சூடேறாது. சரியாகத்தான் மாசம் பார்த்திருக்காங்க.

10.
அந்த 1950களை நம்ம பக்கத்து ஊர்களை வைத்து யோசித்துப் பாருங்க. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொழிற்சாலை வந்து சைக்கிள் செய்ய ஆரம்பித்தது அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம். அதே 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனி. திருவொற்றியூரில் புல்லட் உருவாக ஆரம்பித்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அம்பத்தூரில் டன்லப் டயர் தொழிற்சாலை.

11.
சைக்கிள், மோட்டார் சைக்கிள், டயர். ஊரே சக்கரத்தில் ஏறிக்கொண்டிருந்த காலம். அப்புறம் 1960களில் ஆவடியில் டேங்க் தொழிற்சாலையும் வந்தது, அம்பத்தூரில் எஸ்டேட்டும் வந்தது. லேத்தும் மில்லிங்கும் தெரிந்த கைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. அந்தக் கைகளுக்கு வருஷத்தில் ஒருமுறை திருவிழா வேண்டாமா?

12.
சோழவரத்தில் என்ன வண்டி ஓடியது? தொடக்கத்தில் போரில் மிஞ்சி ஏலத்துக்கு வந்த ராணுவ வண்டிகள், பிஎஸ்ஏ, நார்ட்டன், ட்ரையம்ஃப் மாதிரி பிரிட்டிஷ் வண்டிகள். பிறகு புல்லட். 1960களில் மைசூரிலிருந்து ஜாவா, அப்புறம் யெஸ்டி. ஸ்கூட்டர்களுக்கும் ரேஸ் உண்டு. 1980களில் ராஜ்தூத் 350, டிவிஎஸ் மொபெட், இண்ட் சுசுகி. கார் பிரிவில் கோண்டல் மகாராஜா, கோயம்புத்தூர் கரிவரதன், ஃபார்முலா ஒன் காரோடு வந்த விஜய் மல்லையா என்று பெரிய பெயர்கள்.

13.
ஆனால் ஜனங்கள் நெஞ்சில் நின்றது பைக் ரேஸ்தான் என்று அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். காரணம் புரிகிறது. ஃபார்முலா கார் மகாராஜாவுடையது. பைக் என்பது பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்டுவது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம், ரேஸ் பாகம் எதுவும் கடையில் கிடைக்காது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை என்று அலைந்து, கிடைத்ததைக் கடைசலில் கொடுத்துச் செதுக்கி, ஹெட்டைத் தேய்த்து, சைலன்சரை வெட்டி ஒட்டி… திங்கட்கிழமை அதே வண்டியில் வேலைக்கும் போகணும்.

14.
இன்னொரு விஷயம், வாசனை. பழைய ரேஸ் ரசிகர் யாரிடம் கேட்டாலும் இதைச் சொல்வார். ரேஸ் இன்ஜினுக்கு ஊற்றிய எண்ணெய், ஆமணக்கு எண்ணெய். ஆமாங்க, நம்ம விளக்கெண்ணெய்தான். எவ்வளவு சூடானாலும் உலோகத்தின் மேல் பிடித்த பிடியை விடாது. காஸ்ட்ரால் என்ற கம்பெனிப் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். முதல் உலகப்போர் விமானிகள் இந்தப் புகையைச் சுவாசித்து வயிறு கலங்கி ஓடியதாகக் கதைகள் உண்டு. டாக்டராக எனக்கு அதை நம்புவதில் சிரமம் இல்லை.

15.
சரி, இப்போ கொஞ்சம் கடல் தாண்டுவோம். சோழவரம் தொடங்கிய அதே காலத்தில் உலகத்தில் பைக் ரேஸ் என்றால் ஜனங்கள் அலைமோதிய இடம் எது தெரியுமா? ஸ்பீட்வே. நம்ம ஊரில் அதிகம் தெரியாத விளையாட்டு.

16.
ஸ்பீட்வே விதிகளைக் கேட்டால் தலை சுற்றும். நீள்வட்ட மண் தடம். நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. 500 சிசி ஒற்றை சிலிண்டர். ஒரே கியர். பிரேக்கே கிடையாது! எப்போதும் இடதுபக்கமாக மட்டுமே வளைவு. வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்க விட்டு, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பி, இரும்புச் செருப்பு மாட்டிய இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகணும்.

17.
பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்திருப்பீங்க. அந்த நெஞ்சடைப்பும் இந்த நெஞ்சடைப்பும் ஒரே ஜாதி. மரணக் கிணறு வித்தை. ஸ்பீட்வே போட்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

18.
எரிபொருள் பெட்ரோல் இல்லை, மெத்தனால். ஆமாம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த அதே மெத்தனால். உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைக் கருக்கும். இன்ஜினுக்குள் போனால் ஆவியாகும்போதே சூட்டை உறிஞ்சிக் குளிர்விக்கும், அதனால் இன்ஜினை இன்னும் இறுக்கமாக அழுத்தி இன்னும் சக்தி எடுக்கலாம். பொருள் ஒன்றுதான். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் விளையாட்டு, இல்லாத இடத்தில் இருந்தால் சவக்கிடங்கு. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வருவேன்.

19.
1920களில் ஆஸ்திரேலியாவில் வேரூன்றியது. 1928 பிப்ரவரியில் லண்டன் பக்கத்தில் ஹை பீச் என்ற இடத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு கூட்டம், காடே நிரம்பிவிட்டது. 1936-ல் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் முதல் உலக சாம்பியன்ஷிப். ஜெயித்தவர் ஆஸ்திரேலியாவின் லயோனல் வான் பிராக்.

20.
இந்த வான் பிராக் கதை தனி. போரில் விமானி ஆனார். 1942 தொடக்கத்தில் இந்தோனேசியக் கடலில் ஜப்பானியர் அவர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். கூட இருந்தவர்கள் மூழ்காமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு நாளுக்கும் மேல் கடலில் மிதந்து கரை சேர்த்தார். அதற்கு ஜார்ஜ் மெடல். கவனிச்சீங்களா? எந்த ஜப்பானிய முன்னேற்றம் மெட்ராஸைக் காலி பண்ண வைத்ததோ, அதே அலையில்தான் முதல் உலக சாம்பியனும் கடலில் விழுந்தார்.

21.
1939-ல் செப்டம்பரில் நடக்க வேண்டிய இறுதிப் போட்டி போரால் ரத்து. பத்து வருஷ இடைவெளி. 1949 செப்டம்பரில்தான் மீண்டும் வெம்ப்ளியில் உலக இறுதி. 90,000-க்கு மேல் கூட்டம். ரேஷன் கார்டு காலம், வெடிகுண்டில் இடிந்த தெருக்கள் இன்னும் அப்படியே கிடக்கும் லண்டன். அந்த ஜனங்களுக்கு ஒரு ராத்திரி.

22.
முறை எளிது. 16 வீரர்கள், 20 ரேஸ். ஒவ்வொருத்தரும் ஐந்து முறை ஓட்டணும், முதலிடத்துக்கு 3 புள்ளி. ஐந்திலும் ஜெயித்தால் 15. அன்று வெம்ப்ளி லயன்ஸ் அணியின் டாமி பிரைஸ் சொந்த மைதானத்தில் ஐந்தையும் ஜெயித்து 15 எடுத்தார். உலகப் பட்டம் வாங்கிய முதல் இங்கிலாந்துக்காரர். ஜாக் பார்க்கர் இரண்டாவது, லூயிஸ் லாசன் மூன்றாவது.

23.
அடுத்தடுத்த வருஷங்களில் வேல்ஸின் ஃப்ரெடி வில்லியம்ஸ், ஆஸ்திரேலியாவின் ஜாக் யங், நியூசிலாந்தின் ரோனி மூர் என்று பட்டம் சுற்றியது. ஆனால் கூட்டம் குறைய ஆரம்பித்தது. இரண்டு காரணம் சொல்கிறார்கள்: கேளிக்கை வரி, வீட்டுக்குள் வந்த டிவி. 1950களின் நடுவில் பல மைதானங்கள் மூடப்பட்டன. உயரத்தில் இருந்து விழ ஐந்தாறு வருஷம்கூட ஆகவில்லை.

24.
நமக்கும் இந்த விளையாட்டுக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஈசோ என்ற ஸ்பீட்வே வண்டித் தயாரிப்பு ஜாவாவோடு இணைந்தது. அதன்பின் ஜாவா ஸ்பீட்வே பைக்குகள் உலக மைதானங்களை ஆண்டன. அதே ஜாவாதான் மைசூரில் உருவாகி நம்ம ஊர் ரோட்டில் "டுபுடுபு"ன்னு ஓடியது. உங்க சித்தப்பா வைத்திருந்த யெஸ்டியின் ஒன்றுவிட்ட அண்ணன் உலக சாம்பியன்!

25.
இப்போ என் துறைக்கு வர்றேன். பிரேக் இல்லாத வண்டி, நாலு பேர் ஒரே வளைவில். அடிபடாமலா இருப்பாங்க? அடிபட்டது, உயிரும் போனது. பீட்டர் கிரேவன், 1955-லும் 1962-லும் உலக சாம்பியன். 1963-ல் எடின்பரோவில் முன்னால் விழுந்த வீரர் மேல் ஏறிவிடக் கூடாது என்று வண்டியை ஒடித்து வேலியில் மோதினார். சில நாளில் இறந்தார். வயசு 29.

26.
ஆனால் ரேஸ் மைதானங்கள் ரொம்ப சீக்கிரமே ஒரு பாடம் கற்றுக்கொண்டன. அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு டாக்டர். பெயர் எரிக் கார்ட்னர். இங்கிலாந்தின் பிரூக்லாண்ட்ஸ் ரேஸ் டிராக்கின் மருத்துவ அதிகாரி. முதல் உலகப்போருக்கு முன், திரும்பத் திரும்ப மண்டை உடைந்த பைக் வீரர்களைப் பார்த்துச் சலித்துப்போய், கித்தான் துணியில் அரக்கு பூசிக் கெட்டியாக்கி ஒரு தொப்பி செய்ய வைத்தார். முட்டியைத் தாங்கணும், வழுக்கிக்கொண்டும் போகணும். அதுதான் அவர் யோசனை.

27.
அமைப்பாளர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். அப்புறம் ஒப்புக்கொண்டார்கள். 1914-ல் ஐல் ஆஃப் மேன் டிடி ரேஸில் ஹெல்மெட் கட்டாயம். வீரர்களே முணுமுணுத்தார்கள். "சூடு, கனம், காது கேட்காது." 1914-ல் சொன்ன அதே மூன்று காரணத்தைத்தான் 110 வருஷம் கழித்து என் ஓபியில் நான் கேட்கிறேன்.

28.
வழக்கமாக ஒவ்வொரு வருஷமும் அந்தத் தீவில் மூளை அதிர்ச்சியோடு வரும் கேஸ்கள் அந்த வருஷம் வரவில்லை என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னதாக கார்ட்னர் பின்னாளில் எழுதினார். ஆனாலும் ஹெல்மெட் ரேஸ் மைதானத்தைத் தாண்டி ரோட்டுக்கு வரவில்லை. அது ரேஸ்காரர்கள் போடுவது, நமக்கு எதுக்கு என்ற நினைப்பு.

29.
1935 மே. "லாரன்ஸ் ஆஃப் அரேபியா" என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ், தன் வீட்டுக்குப் பக்கத்து ரோட்டில் பைக்கில் போகும்போது சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க வண்டியை ஒடித்துத் தூக்கி எறியப்பட்டார். ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவில்லாமல் இருந்து இறந்தார். 46 வயசு.

30.
அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்த நரம்பியல் அறுவை மருத்துவர். அந்த மரணம் அவரை விடவில்லை. போர் வந்ததும் ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் பைக்காரர்கள், அதாவது டெஸ்பாட்ச் ரைடர்கள், எதிரியின் குண்டே இல்லாமல் ரோட்டில் செத்துக்கொண்டிருந்தார்கள். கெய்ர்ன்ஸ் கணக்கெடுத்தார்.

31.
1941-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் கட்டுரை. ஹெல்மெட் போட்டிருந்து விபத்தில் சிக்கியவர்கள் அவர் கைக்குக் கிடைத்தது வெறும் ஏழே பேர். ஏழு பேரும் பிழைத்தார்கள். சின்ன எண்ணிக்கைதான், இன்றைக்கு எந்த ரிவ்யூவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் பிரிட்டிஷ் ராணுவம் ஒப்புக்கொண்டது. அதே வருஷக் கடைசியில் பணியில் இருக்கும் பைக்காரர்கள் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். சாவு குறைந்ததை அவரே தொடர்ந்து கணக்கெடுத்து எழுதினார்.

32.
அந்த டெஸ்பாட்ச் ரைடர்கள் ஓட்டிய நார்ட்டனும் பிஎஸ்ஏவும்தான் போர் முடிந்து ஏலத்துக்கு வந்த வண்டிகள். சோழவரத்தின் ஆரம்பக் காலத்தில் ஓடியது அந்த வகை வண்டிகள்தான் என்று மேலே சொன்னேனே. அந்தக் காலப் ரேஸ் படங்களைத் தேடிப் பாருங்க. அரைத் தேங்காய்மூடி மாதிரி ஒரு ஹெல்மெட், தோல் பட்டை, கண்ணாடி. காதும் முகமும் வெளியே தெரியும். இன்றைய தரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் போட்டிருந்தாங்க. லேத் பட்டறை அப்பா சிறுவனாகப் பார்த்தது அந்தப் பழக்கத்தைத்தான்.

33.
ஹெல்மெட் என்ன செய்கிறது? மண்டை உடையாமல் காப்பது அதன் பாதி வேலைதான். மூளை என்பது கிண்ணத்துக்குள் வைத்த ஆடைத்தயிர் மாதிரி. கிண்ணம் சட்டென்று நின்றாலும் தயிர் நிற்காது. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மகோல் நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தச் சில மில்லி செகண்டுதான் மூளைக்குக் கிடைக்கும் அவகாசம். தெர்மகோல் சாகிறது, அதனால் நீங்க சாகலை. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாது என்கிறோம்.

34.
பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு சொல்லும் கணக்கு: பைக் விபத்தில் ஹெல்மெட் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும், மரணத்தைச் சுமார் 42 சதவீதமும் குறைக்கிறது. இவ்வளவு பலன் தரும் மாத்திரை ஏதாவது என் கையில் இருந்தால் கிளினிக் வாசலில் வரிசை நிற்கும்.

35.
ரேஸ் மைதானத்தில் 1914. ராணுவத்தில் 1941. பிரிட்டன் ரோட்டில் சட்டம் வந்தது 1973. இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் 2007-ல் அரசு கட்டாயமாக்கியது. அது நீர்த்துப்போய், 2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்றம் மறுபடி அழுத்திச் சொல்ல வேண்டி வந்தது. ரேஸ்காரனுக்கு 1914-ல் புரிந்தது நம்ம ரோட்டுக்கு வர நூறு வருஷம்.

36.
சோழவரத்துக்குத் திரும்புவோம். 1980களின் கடைசியோடு அங்கே ரேஸ் நின்றது. கிளப் தனக்கென்று ஒரு நிரந்தர டிராக் கட்டியது. பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் இருங்காட்டுக்கோட்டை. 1990-ல் திறந்தார்கள். சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. அங்கே வண்டி ஓட்டிப் பழகிய சென்னைப் பையன் சரத்குமார் 2011-ல் மோட்டோ ஜிபி உலகப் போட்டியின் 125 சிசி பிரிவில் ஓட்டினார். அந்த உலகத் தொடரில் ஓட்டிய முதல் இந்தியர்.

37.
டிராக் என்றால் ஆபத்தே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் மூத்த கார் வீரர் கே.இ. குமார் ரேஸ் விபத்தில் இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில், அதே டிராக்கில், பைக் போட்டியில் 13 வயசுச் சிறுவன் இறந்தான். 13 வயசு. எத்தனை வயசில் எவ்வளவு வேகம் என்ற கேள்வியை அந்த விளையாட்டு தன்னிடமே கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். டாக்டராக அதில் எனக்குச் சமாதானம் இல்லை.

38.
ஆனாலும் டிராக்குக்கும் பைபாஸுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. டிராக்கில் எல்லோரும் ஒரே திசையில் போறாங்க. எதிரே தண்ணி லாரி வராது, மாடு வராது. வளைவுக்கு வெளியே விழுந்து உருள இடம் இருக்கும். கொடி காட்ட ஆள் இருக்கும். ஓரத்தில் ஆம்புலன்ஸும் டாக்டரும் இருப்பாங்க. முக்கியமாக, விழக்கூடும் என்று ஒப்புக்கொண்டுதான் அங்கே எல்லா ஏற்பாடும். பைபாஸில், விழவே மாட்டோம் என்ற நம்பிக்கையைத் தவிர வேறு ஏற்பாடு எதுவும் இல்லை. அதுவும் போக, அந்த ரோட்டில் நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் ஒருத்தர் எந்த ரேஸுக்கும் பெயர் கொடுக்கவில்லை.

39.
மெத்தனால் பற்றிச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? வேகமும் அப்படித்தான். வேகத்தின் மேல் ஆசையே தப்பு என்று 19 வயசுப் பையனிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. 1949-ல் வெம்ப்ளிக்குப் போன தொண்ணூறாயிரம் பேருக்கும், சைக்கிள் மிதித்துச் சோழவரம் போன அம்பத்தூர்க்காரருக்கும் இருந்த அதே ஆசைதான். அவர்களுக்கு அதைக் கொண்டுபோய் வைக்க ஒரு இடம் இருந்தது, போய்ப் பார்க்கும் தூரத்தில் இருந்தது. இன்றைக்கு இருங்காட்டுக்கோட்டை நம்ம பக்கம்தான் இருக்கு. நம்ம பசங்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்த்திருப்பாங்க? அந்தப் பையனும் பார்த்ததில்லை. நான் கேட்டேன்.

40.
ஆமாம், அவன் பிழைத்துவிட்டான். மூன்றாவது வாரம் கண் திறந்து அம்மாவைத் தேடினான். இப்போ வாக்கர் வைத்து நடக்கிறான். பேச்சு கொஞ்சம் இழுக்குது. முன்னாடி மனசுக்குள் போட்ட கணக்கை இப்போ விரல் விட்டு எண்ணுகிறான். கோபம் சட்டென்று வருது. அது அவன் குணம் இல்லை, காயம் என்று வீட்டில் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

41.
கடைசியாக நாலு விஷயம், இதை மட்டுமாவது வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க:

• ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க. கழுத்துப் பட்டையை மாட்டுங்க. மாட்டாத ஹெல்மெட் உங்களுக்கு முன்னாடியே ரோட்டில் விழும்.
• பின்னாடி உட்காருபவருக்கும் மண்டை ஒன்றுதான்.
• விபத்தில் சிக்கியவரை ஆட்டோவில் மடித்துப் போட்டுத் தூக்கி வராதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. கழுத்தை அசைக்காதீங்க. மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டைப் பிடுங்காதீங்க.
• பணத்துக்குப் பயந்து தாமதிக்காதீங்க. "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

42.
ரோட்டில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம். அபராதமும் உண்டு, ஜெயிலும் உண்டு. ஆனால் நான் அதைச் சொல்லி முடிக்க விரும்பலை.

போன வாரம் ஃபாலோ அப்புக்கு வந்தபோது அந்த அப்பா கேட்டார், "இருங்காட்டுக்கோட்டையில ரேஸ் எப்ப சார் நடக்கும்? இவனை ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டணும்." எதுக்குன்னு நான் கேட்கலை. தேதி பார்த்துச் சொல்றேன்னு சொன்னேன்.

43.
சோழவரம் ரேஸை நேரில் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், எந்த வருஷம், எந்த வண்டி, யார் கூட்டிட்டுப் போனாங்க என்று கீழே எழுதுங்க. பழைய போட்டோ இருந்தால் போடுங்க. அவருக்கு நான் காட்டணும்.